பழைய சட்டிக் கலப்பை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

(பண்ணை வானொலியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கோடை மழை ஒன்று நன்றாக இறங்கிவிட்டால் கரிசல் சீமையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மானாவாரி வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மழை விட்டு மூன்று நாள், நாலு நாளில் மண் பதத்துக்கு வரும். அந்தப் பதம் ஒரு வாரம் நின்றால் அதிகம். அதற்குள் உழுதாக வேண்டும். வாடகைக்குச் சட்டிக் கலப்பை ஓட்டுகிறவரைக் கேட்டால், "உங்களுக்கு முன்னாடி இருபது பேர் இருக்காங்க" என்பார். அவர் வந்து சேரும்போது நிலம் பாறையாக இறுகியிருக்கும்.

இதனால்தான், சொந்த டிராக்டர் உள்ளவர்கள் "ஒரு பழைய சட்டிக் கலப்பை கிடைத்தால் வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பழைய இரும்பு விலைக்கு வாங்கிய கலப்பை, பேரிங், சட்டி, வெல்டிங் என்று புதுக் கலப்பை விலையை விழுங்கிவிடக்கூடும். அதைவிட மோசம், நல்ல டிராக்டரின் லிப்டையே கெடுத்துவிடக்கூடும். ஆகவே என்னென்ன பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு எப்படி ஓட்ட வேண்டும் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

எது சட்டிக் கலப்பை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குழிந்த இரும்புச் சட்டி மாட்டியிருந்தால் எல்லாம் சட்டிக் கலப்பை ஆகிவிடாது. ஒரே தண்டில் பல சிறிய சட்டிகளை வரிசையாகக் கோத்திருந்தால் அது சட்டிப் பலுகு. உழுத நிலத்தில் கட்டியை உடைக்கத்தான் அது ஆகும். சட்டிக் கலப்பையில் இரண்டு அல்லது மூன்று பெரிய சட்டிகள் இருக்கும். ஒவ்வொரு சட்டியும் தனித்தனித் தாங்கியில், தனித்தனிப் பேரிங்கில் சுற்றும். சட்டியின் விட்டம் 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கும். பின்னால் ஒரு சாய்வான இரும்புச் சக்கரம் இருக்கும். அதை வால் சக்கரம் என்போம்.

இறக்கைக் கலப்பை மண்ணுக்குள் சறுக்கிக்கொண்டு போகிறது. சட்டிக் கலப்பை உருண்டுகொண்டு போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பலன் பெரிது. கல்லோ வேரோ குறுக்கிட்டால் இறக்கைக் கலப்பை மாட்டிக்கொள்ளும். சட்டி அதன் மேல் ஏறி இறங்கிப் போய்விடும். சீமைக்கருவேல் வெட்டித் திருத்திய நிலத்திலும், ஒட்டும் கரிசலிலும், பல வருஷம் தரிசாகக் கிடந்த கட்டாந்தரையிலும் இதை விரும்புவது இதனால்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு. இறக்கைக் கலப்பையைப் போல மண்ணை முழுசாகப் புரட்டிக் களையை மூடாது. நிலம் கட்டியும் முட்டியுமாகக் கிடக்கும். கோடை உழவுக்கு அது குறையே அல்ல. விதைப்புக்கு முந்தின உழவு என்றால் குறைதான்.

பழசு ஏன் இன்னும் கிடைக்கிறது?

நம் நாட்டில் டிராக்டர் உற்பத்தி 1959-இல் தொடங்கியது. சென்னையில் டாஃபே கம்பெனி 1960-இல் ஏற்பட்டது. அந்தத் தலைமுறை டிராக்டர்கள் பலவும் காயலான் கடைக்குப் போய்விட்டன. கலப்பை போகவில்லை. காரணம், அதில் எஞ்சின் இல்லை, பல்சக்கரம் இல்லை. கனமான இரும்புச் சட்டம், சட்டி, பேரிங், இவ்வளவுதான். தேய்கிற பாகத்தை மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு தலைமுறை தாண்டியும் உழைக்கும். ரொட்டவேட்டர் பெருகிய பிறகு பல வீடுகளில் இது வேலியோரம் சாத்திக் கிடக்கிறது. அதுதான் விலைக்கு வருகிறது.

உங்கள் டிராக்டர் தாங்குமா?

கலப்பையைப் பார்க்கப் போகும் முன் உங்கள் டிராக்டரைப் பாருங்கள். இரண்டு சட்டிக் கலப்பைக்கு 35 குதிரைத்திறனுக்குக் குறையாமல் வேண்டும். மூன்று சட்டிக்கு 50 பக்கம் வேண்டும். கரிசலில் ஆழ உழுவதானால் இன்னும் கொஞ்சம் கூட இருப்பது நல்லது.

சட்டிக் கலப்பை தன் கனத்தால்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. ஆகவே அது கனமாகத்தான் இருக்கும். இரண்டு சட்டி ஏறக்குறைய 250 கிலோ, மூன்று சட்டி 350 கிலோவும் அதற்கு மேலும் வரும். அவ்வளவு கனத்தைப் பின்னால் தூக்கும்போது டிராக்டரின் முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் எழும்பிவிடும். இப்படிப் போன உயிர்கள் உண்டு. முன்னால் எடைக்கட்டி மாட்டினால்தான் ஓட்ட முடியும் என்றால் மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் உழவர், 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு மூன்று சட்டிக் கலப்பையை வாங்கிவந்தார். "இரண்டு சட்டிக்கும் மூணு சட்டிக்கும் விலையில ரெண்டாயிரந்தான் வித்தியாசம்னாங்க" என்றார். வயலில் இறக்கினால் சக்கரம் வழுக்குகிறது, டீசல் கரைகிறது, ஆழமோ நாலு விரற்கடைதான். கடைசியில் லேத்துப் பட்டறையில் ஒரு சட்டியைத் தாங்கியோடு கழற்றி, வால் சக்கரத்தை முன்னுக்கு மாற்றி, இரண்டு சட்டியாக ஓட்டினார். சட்டத்தில் அதற்கான துளைகள் இருந்ததால் தப்பித்தார். எல்லாக் கலப்பையிலும் அந்த வசதி இருக்காது.

இணைப்புப் பின்னையும் அளந்து பாருங்கள். டிராக்டரின் கீழ்க்கை இணைப்பில் இரண்டு அளவு உண்டு. சிறியது 22 மில்லிமீட்டர், பெரியது 28 மில்லிமீட்டர். டாப் லிங்க் பின் 19, 25 என்று இருக்கும். கலப்பையின் பின் சிறியதாக, டிராக்டரின் கண் பெரியதாக இருந்தால் புஷ் போட்டு ஓட்டலாம். மாறி இருந்தால் பின்னையே மாற்ற வேண்டும். துணியைச் சுற்றி, கம்பியைக் கட்டி ஓட்டுவது வேண்டாம்.

கலப்பையைப் பரிசோதிக்கும் முறை

கையில் நாலு சாமான் எடுத்துப் போங்கள்: ஒரு டேப், கொஞ்சம் நூல்கயிறு, ஒரு பழைய கத்தி, ஒரு சுத்தியல். புதுப் பெயிண்ட் பளபளக்கிற கலப்பையானால் கத்திக்கு அதிக வேலை இருக்கும்.

முதலாவது, சட்டம். இதுதான் கலப்பையின் முதுகெலும்பு. சட்டத்தின் நீளத்துக்கு நூலைப் பிடித்துப் பாருங்கள். வளைவு இருந்தால் தெரிந்துவிடும். தாங்கிகள் சட்டத்தோடு சேரும் இடம், மேலே டாப் லிங்க் மாட்டும் இடம் ஆகியவற்றில் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். வெல்டிங் தழும்பு ஒன்று இருந்தால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே இடத்தில் தழும்பின் மேல் தழும்பு இருந்தால் வேண்டாம். போல்ட் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவமாக நீண்டுவிட்டனவா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, தாங்கிகள். ஒரு சட்டியின் முன்விளிம்பிலிருந்து அடுத்த சட்டியின் முன்விளிம்புக்கு அளவெடுங்கள். மூன்று சட்டியானால் இரண்டு இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், போல்ட் எல்லாம் ஒரே துளையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாங்கி வளைந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம். வளைந்த தாங்கியைப் பட்டறையில் காய்ச்சி நிமிர்த்தினாலும் பழைய உறுதி வராது.

மூன்றாவது, சட்டிகள். எல்லாச் சட்டியும் ஒரே விட்டம், ஒரே குழிவாக இருக்க வேண்டும். ஒன்று 65 சென்டிமீட்டர், அடுத்தது 57 என்றிருந்தால் சால் மேடும் பள்ளமுமாக வரும். எல்லாம் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை; ஆனால் 10 சென்டிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுச் சட்டியின் விலையை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல சட்டி மணிபோல ஒலிக்கும். கீறல் விட்டது உடைந்த பானைபோல ஒலிக்கும். வெல்டிங் வைத்த சட்டி வேண்டவே வேண்டாம். அது சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். கல்லில் மோதினால் துண்டு தெறிக்கும்.

நான்காவது, பேரிங். கலப்பையைத் தூக்கி, கீழே உறுதியான மரக்கட்டை கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் லிப்டை நம்பிக் கலப்பைக்கு அடியில் கையோ காலோ நீட்டக் கூடாது. பிறகு சட்டியின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. கையால் சுற்றிவிடுங்கள். நறநற என்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் ஆயில் சீல் கிழிந்து மண் உள்ளே போயிருக்கிறது. சுற்றவே சுற்றாத சட்டி உருளாது, மண்ணை உந்தித் தள்ளும். கிரீஸ் நிப்பிள் எல்லாம் இருக்கின்றனவா, அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, வால் சக்கரம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. சட்டிகள் மண்ணை வலப்பக்கம் வீசுகின்றன. எதிர்விசை கலப்பையை இடப்பக்கம், உழாத நிலத்தின் பக்கம் தள்ளும். அந்தத் தள்ளுதலைச் சால் சுவரில் ஊன்றித் தாங்குவது வால் சக்கரம்தான். அதன் விளிம்பு மழுங்கிப் போனாலும், பேரிங் ஆடினாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும் கலப்பையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவர் நாள் முழுக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஆறாவது, சுரண்டிகள். சட்டியின் குழிவில் ஒட்டுகிற மண்ணை வழித்துவிடும் சிறு தகடு இது. கரிசல்காரர்களுக்கு இது இல்லாமல் முடியாது. பல பழைய கலப்பைகளில் இது கழன்று காணாமல் போயிருக்கும். பட்டறையில் செய்துகொள்ளலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முன்னால் உள்ள குறுக்குத் தண்டு சில கலப்பைகளில் கோணலாகத் தெரியும். அது வளைந்துபோனதல்ல, செய்யும்போதே அப்படிச் செய்தது. அதைத் திருகித்தான் முன்சட்டி வெட்டும் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். தண்டு திருகுகிறதா, துரு ஏறி இறுகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

விலை பேசும் கணக்கு

மாற்ற வேண்டிய சட்டி, பேரிங், சீல், புஷ் எல்லாவற்றையும் சீட்டில் எழுதுங்கள். கடையில் விலை கேட்டுப் போடுங்கள். பட்டறைக் கூலியையும் கொண்டுவரும் செலவையும் சேருங்கள். இதோடு அவர் கேட்கும் விலையைக் கூட்டினால் வருகிற தொகை புதுக் கலப்பை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புதுசைப் பற்றி யோசிப்பதே மேல். மானியம் என்பது புதுக் கருவிக்குத்தான், பழசுக்குக் கிடையாது. ஆகவே பழசுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தத் துறையே கருவிகளை வாடகைக்கும் விடுகிறது.

எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டு சட்டிக் கலப்பை சுமார் 55 சென்டிமீட்டர் அகலம் வெட்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 2,200 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல். திரும்பும் நேரம், நிற்கும் நேரம் கழித்தால் ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். 10 ஏக்கர் உள்ளவருக்கு 25 மணி நேர வேலை. அதுவும் வருஷா வருஷம் தேவையில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். 25 மணி நேரத்துக்காகத் தனியாக ஒரு கலப்பை கட்டுபடியாகாது. நாலைந்து பேர் கூட்டாக வாங்கினால் கட்டுபடியாகும். ஆனால் யார் நிலத்தில் முதலில் உழுவது என்பதை மழைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

வயலில் இறக்கும்போது

"அகல உழுவதை விட ஆழ உழு" என்பார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு ஆழம் என்பதை மண்தான் சொல்ல வேண்டும். முதலில் நாலு இடத்தில் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். கீழே சுக்கானோ உவர் மண்ணோ இருந்தால் அதை மேலே கொண்டுவரக் கூடாது. நல்ல மண் எவ்வளவு ஆழமோ அதற்குள் நிறுத்துங்கள். பதத்தையும் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து, உருட்டி, விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈர மண்ணில் உழுத சால் பளபளக்கும். அந்தப் பளபளப்பு காய்ந்தால் செங்கல்தான்.

சட்டிக்கு இரண்டு கோணம் உண்டு. செங்குத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருப்பது சாய்வுக் கோணம். இது 15 முதல் 25 டிகிரி. போகும் திசைக்குக் குறுக்காகத் திரும்பியிருப்பது திசைக் கோணம். இது 42 முதல் 47 டிகிரி. இறுகிய நிலத்தில் சட்டி இறங்கவில்லையா? சாய்வைக் குறைத்துச் சட்டியை நிமிர்த்துங்கள், இறங்கும். ஒட்டும் மண், தளர்ந்த மண் என்றால் சாய்வைக் கூட்டுங்கள். தாங்கியில் போல்ட்டைத் துளை மாற்றிப் போட்டால் போதும். எல்லாச் சட்டியிலும் ஒரே துளையில் போடுங்கள்.

கலப்பை இறங்கவில்லை என்று சட்டத்தின் மேல் ஆளை உட்கார வைக்கிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. பெரும்பாலும் வீட்டுப் பையன்தான் உட்காருவான். ஐயா, இதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு கல்லில் சட்டி ஏறி இறங்கினால் அவன் விழுவது சுற்றுகிற சட்டிக்கு முன்னால்தான். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இறங்காத கலப்பைக்குக் கோணத்தை மாற்றுங்கள், சட்டியைத் தீட்டுங்கள், ஒரு மழைக்குக் காத்திருங்கள். எடைதான் வேண்டுமென்றால் இரும்பை போல்ட் போட்டு முடுக்குங்கள். ஆள் வேண்டாம்.

முதல் சால் ஆழமில்லாமல் நேராகப் போகட்டும். இரண்டாவது சாலிலிருந்து டிராக்டரின் வலப்பக்கச் சக்கரங்கள் சாலுக்குள் ஓடும், வண்டி சாயும். அந்தச் சாய்வுக்கு ஏற்ப வலது லிப்ட் தண்டைத் திருகிக் கலப்பையை மட்டப்படுத்துங்கள். முன்சட்டி ஆழமாகவும் பின்சட்டி மேலாகவும் போனால் டாப் லிங்க்கை நீட்டுங்கள். மாறிப் போனால் குறையுங்கள். உழும்போது செக் செயின் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். சாலையில் போகும்போது முடுக்கிவிடுங்கள். ஓரத்தில் திரும்பும் முன் கலப்பையை முழுசாகத் தூக்குங்கள். மண்ணுக்குள் இருக்கும்போதே திருப்பினால் தாங்கி வளையும், சட்டமும் முறியும்.

வேகம் வேண்டாம். மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போதும். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். அப்போதுதான் அடுத்த மழை ஓடாமல் நிற்கும். இந்தக் கலப்பை ஒரே பக்கம்தான் மண்ணை வீசும் என்பதையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்தே சுற்றி உழுதால் மண் வரப்போரம் சேர்ந்து நடுவில் பள்ளம் விழும். ஒரு முறை ஓரத்திலிருந்து உழுதால் மறுமுறை நடுவிலிருந்து தொடங்குங்கள்.

உழுதுவிட்டுக் கட்டியை உடனே உடைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயில் அதன் வேலையைச் செய்யட்டும். கோரைக் கிழங்கும் அருகம் வேரும் மேலே வந்து காயும். 2018-இல் நம் நாட்டுக்குள் வந்த மக்காச்சோளப் படைப்புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. உழவில் வெளியே வரும் கூட்டுப்புழுவை வெயிலும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கரிசல் கட்டி அடுத்த மழைக்குத் தானே மலர்ந்து உதிரும். அதன் பிறகு கொக்கிக் கலப்பை ஓட்டினால் நிலம் தயார்.

இரண்டு எச்சரிக்கை. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுதால் அந்த ஆழத்துக்குக் கீழே ஒரு கடினத் தட்டு உண்டாகிவிடும். ஆழத்தை மாற்றி மாற்றி உழுங்கள். ஏற்கெனவே ஆழத்தில் இறுகிப்போன நிலத்துக்குச் சட்டிக் கலப்பை போதாது. அதற்கு உளிக்கலப்பை வேண்டும்.

பராமரிப்பு

ஓட்டுகிற நாளில் காலையில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் மண்ணோடு வெளியே பிதுங்கிவரும் வரை அடிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, எல்லா போல்ட்டையும் ஒரு முறை முடுக்குங்கள். பழைய கலப்பையில் இது கட்டாயம். விளிம்பு மழுங்கினால், முன்பு எந்தப் பக்கம் தீட்டியிருக்கிறதோ அதே பக்கம் தீட்டுங்கள். உழவு முடிந்ததும் மண்ணைக் கழுவி, சட்டிகளுக்குக் கழிவு எண்ணெய் பூசி, பலகையின் மேல் இறக்கி நிறுத்துங்கள். சட்டி துருப்பிடித்தால் அடுத்த முறை மண் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும்.

மாசி, பங்குனியிலேயே வாங்கிச் சரிபார்த்து, ஒரு மூலையில் நாலு சால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மழை பெய்த பிறகு பேரிங் தேடிப் பட்டறைக்கு ஓடினால், பதம் காத்திருக்காது. சந்தேகம் இருந்தால், வாங்கும் முன்பே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். வாங்கிய பின் வருவதை விட அது உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.